குடைக்காரர் வீட்டு விமானம்

வந்தவர் குடை வாங்க வரவில்லை என்பது அவர் உள்ளே நுழைந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. குடை வாங்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். சரக்கெல்லாம் மேலே கம்பியில்தான் தொங்கும். இவர் நேரே போய்ச் சுவரில் இருந்த என் கணவரின் படத்துக்கு முன்னால் நின்றார். மழைக்காலம் நெருங்கிவிட்ட சமயம், எங்களுக்குத் தலை சொறியக்கூட நேரம் கிடையாது. நான் கிழிந்த குடை ஒன்றுக்கு மாற்றுத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்து மேஜையில் என் நாத்தனார் வளைந்த கம்பிகளை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டி எத்தனையோ வருஷமாகியும் வீட்டிலும் தெருவிலும் அவள் சின்னவள்தான்.

"விமானம் ஓட்டுறவங்க சங்கத்துலேர்ந்து வர்றேம்மா. நான் அங்க செயலாளர்," என்றார் அவர். "ஊருக்கு வெளியில அந்த மைதானம் இருக்கே, அங்க ஒரு கல் நடப்போறோம். நம்ம நாட்டுல முதல்முதலா மனுஷன் பறந்த இடம்னு. அதுல சார் பேரைத்தான் வெட்டறதா இருந்துச்சு."

இருந்துச்சு என்று அவர் இழுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. "இப்ப என்ன வந்துச்சு?" என்று கேட்டேன்.

கடற்கரைப் பட்டணத்தில் ஆலை வைத்திருந்த ஒரு முதலாளி, என் கணவர் ஊரார் முன்னால் பறந்ததற்கு இரண்டு நாள் முன்பே பறந்துவிட்டாராம். அதற்குப் படம் இருக்கிறதாம், பார்த்த பெரிய மனிதர்கள் இருக்கிறார்களாம். இத்தனை வருஷம் கழித்து அவருடைய பிள்ளைகள் அதையெல்லாம் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். செயலாளர் இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். கெட்ட செய்தியைத் தபாலில் அனுப்பாமல் நேரில் வந்து சொல்கிறாரே.

எனக்கு மட்டும் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "அந்த முதலாளி கப்பல்ல பெட்டி பெட்டியா வந்த விமானத்தைப் பிரிச்சு மாட்டினவரு. எங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு கம்பியா வளைச்சாரு. துணி முழுக்க நான் தைச்சேன். நாள் முழுக்கக் கடையில நின்னுட்டு வந்து தைச்சேன்."

"தெரியும்மா. ஆனா கல்லுல செஞ்சவங்க பேரு போடலை. பறந்தவங்க பேருதான்."

"பறந்தது மட்டும் என்ன? அந்த முதலாளிக்கு முந்தியே எங்க மிஷின் பறந்தாச்சு. ஊருக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

வாயை விட்டுவிட்டேன். பின்மேஜையில் சுத்தியல் சத்தம் நின்றது. செயலாளர் தலை நிமிர்ந்தார், அவர் முகத்தில் உயிர் வந்தது.

"யார் பார்த்தாங்கம்மா?"

"நான் பார்த்தேன். வாலைப் பிடிச்சுக்கிட்டு இருந்ததே நான்தான்."

"எங்க சங்கத்துல ஒரு விதி இருக்கு. படம் இல்லைன்னாலும், நேர்ல பார்த்த ரெண்டு பேரு ஒரே மாதிரி சொன்னா ஏத்துக்குவோம். அன்னைக்கு சார் எவ்வளவு உயரம் போனார்?"

அவர் சார் என்று சொன்னதும் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த இடைவெளியில் சின்னவள் தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"ஒரு வீட்டுக் கூரை உசரம் இருக்கும். அண்ணன்தான் ஓட்டினார். அண்ணி வாலைப் பிடிச்சாங்க, நான் தள்ளி நின்னு பார்த்தேன்."

பச்சைப் பொய். அதைச் சொல்லிவிட்டுக் கம்பியைத் திருப்பிப் போட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

செயலாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மைதானத்தைப் போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வருவதாகவும், அப்போது இரண்டு பேரும் நிதானமாகச் சொன்னால் எழுதிக்கொள்வதாகவும் சொன்னார். படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அந்தக் கும்பிடு நெஞ்சில் போய்க் குத்தியது.

நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் குடைக்காரர். அவருடைய அப்பாவும் குடைக்காரர். லேசான கம்பியில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டினால் காற்று அதைத் தூக்கப் பார்க்கும் என்பது குடை பிடித்த எவருக்கும் தெரியும். அதோடு விடுகிறவர்கள் மற்றவர்கள். இவர் விடவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் மூன்று பேரும் சேர்ந்து அந்த மிஷினைக் கட்டினோம். இறக்கைக்குக் கறுப்புக் குடைத்துணியே போட்டோம், பசை தடவி இறுக்கினோம். ஊரார் அதற்கு வௌவால் என்று பெயர் வைத்தார்கள். மைதானத்துக்கு அதை உருட்டிக்கொண்டு போகும் வழியெல்லாம், மழை வருமா என்று என்னைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு.

மிஷின் ஓடியது, ஆனால் எழும்பவில்லை. உட்காருமிடத்துக்கு முன்னால் ஒரு தடி இருந்தது. அதை நம் பக்கம் இழுத்தால் மூக்கு தூக்கும், தள்ளினால் தணியும். என் கணவர் அதைக் குழந்தையைத் தொடுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுப்பார். ஒரேயடியாக இழுத்தால் பின்பக்கமாக மல்லாந்துவிடும் என்று அவருக்குப் பயம். கணக்கெல்லாம் போட்டுக் காட்டுவார். எஞ்சினுக்குப் பலம் போதாது, பாரத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அவர் கண்ட முடிவு. அதனால் மிஷினில் ஏறுவது எதுவானாலும் தராசு ஏறாமல் ஏறக்கூடாது என்று சட்டம் போட்டார். ஆணியை நிறுத்தோம், பசையை நிறுத்தோம், கடைசியில் எங்களையும் நிறுத்தோம். இருப்பதில் லேசானவள் சின்னவள்.

"அப்ப மூட்டையாட்டம் இவளை வெச்சு ஓட்டிப் பார்ப்போம்," என்றார். "தரையில மட்டும் ஓடட்டும். சக்கரம் எப்படிப் போகுதுன்னு நான் பக்கத்துல ஓடிப் பார்க்கறேன். நீ தடியைத் தொடாதே, காலால திசையை மட்டும் பார்த்துக்க. மைதானம் முடியறதுக்குள்ள எஞ்சின் சுவிட்சை அணைச்சுடு."

அவளும் தலையை ஆட்டினாள். விடிந்த கையோடு போனோம், எங்களைத் தவிர ஓர் ஈ காக்கை இல்லை. நான் வாலைப் பிடித்திருந்தேன், அவர் கை காட்டியதும் விட்டேன். மிஷின் முன்னெப்போதையும்விட வேகமாக ஓடியது. அவர் பின்னால் ஓடி மூச்சு வாங்கி நின்றுவிட்டார். மைதானத்தின் கோடியில் ஒரு மண்மேடு, அதற்கு நேராகப் போய்க்கொண்டிருந்தாள் அவள். சுவிட்சை அணைக்கவில்லை.

குடைக்கடையில் வளர்ந்த கைக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்டி முடித்த ஒவ்வொரு குடையையும் விரித்துப் பார்ப்போம், பிறகு தண்டில் ஓடும் வளையத்தை நம் பக்கம் இழுத்து மடக்குவோம். தள்ளினால் விரியும், இழுத்தால் மடங்கும். ஏழு வயதிலிருந்து அதையே செய்த கை அவளுடையது. பயத்தில் அவளுக்குச் சுவிட்சும் மறந்தது, அண்ணன் சொன்னதும் மறந்தது. எல்லாவற்றையும் மடக்கி நிறுத்திவிட வேண்டும் என்று தடியைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தன் மார்போடு இழுத்தாள்.

மிஷின் மேலே ஏறியது. மண்மேட்டைத் தாண்டி, ஒரு கூரை உயரத்தில், எங்கள் கறுப்புத் துணி வெயிலில் பளபளத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். நான் தைத்த தையல் ஒவ்வொன்றும் என் கண்ணுக்குத் தெரிந்ததுபோல் இருந்தது. அழுதேனா சிரித்தேனா என்று தெரியாது. கொஞ்ச தூரம் போய், மெல்லத் தணிந்து, புல்லில் உட்கார்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் இறங்கி வந்து செய்த முதல் காரியம், சக்கரம் உடைந்துவிட்டது என்று அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டது.

என் கணவர் அவளைத் திட்டவில்லை, தூக்கிச் சுற்றினார். எவ்வளவு இழுத்தாய், எங்கே இழுத்தாய், எத்தனை வேகத்தில் இழுத்தாய் என்று கேட்டுக் கேட்டு அவளை ஒரு வழி பண்ணிவிட்டார். சக்கரத்தைச் சரிபண்ணிக்கொண்டு, அடுத்த வாரமே அவள் இழுத்தபடி இழுத்து ஊர் முழுக்கப் பார்க்கப் பறந்தார். பத்திரிகைக்காரர் வந்து கேட்டபோது சின்னவளைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தார். "நான் பயந்து போய் இழுத்தேன், அதைப் போய்ச் சொல்லி மானத்தை வாங்காதீங்கண்ணா" என்றாள் அவள். அவர் விட்டுவிட்டார். என் கணவர் நல்லவர். ஆனால் நல்லவர்களுக்கும் தங்களுக்கு வசதியான பேச்சு சட்டென்று காதில் விழுந்துவிடுகிறது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்று இருந்த பூரிப்பில் யார் முதல் என்பதெல்லாம் பெரிதாகத் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் அவர் பறந்தார். அடுத்த ஊரில் நடந்த ஒரு விமானக் காட்சியில், கூட்டத்துக்கு நடுவே நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, எஞ்சின் இருமியது. மிஷினின் மூக்கு மேலே போயிற்று, அப்படியே ஒரு கணம் நின்றது, பிறகு ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அவர் போன பிறகு எனக்கு மிஞ்சியது அந்தப் பெயர்தான். வௌவால் என்று சிரித்த அதே ஊர், முதன்முதலில் பறந்தவர் வீடு என்று எங்கள் கடையைக் காட்ட ஆரம்பித்தது. வயிற்றுக்குக் குடை சோறு போட்டது, தலை நிமிர்ந்து நடக்க அந்தப் பெயர் போதும் என்று இருந்தேன். அதைத்தான் ஆலை முதலாளியின் பிள்ளைகள் தட்டிக்கொண்டு போக வந்திருந்தார்கள். சின்னவள் சொன்ன பொய்யை நானும் சொன்னால் போதும், அவர் பெயர் கல்லில் ஏறிவிடும். ஆசை இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

செயலாளர் தெருவைத் தாண்டியதும் நான் போய்க் கடைக்கதவைச் சாத்தினேன்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்லணும்? அண்ணன் பேரு நிக்கணும்ல?"

"நீ பறந்ததை நான் கண்ணால பார்த்தேன்டி. இத்தனை வருஷமா நீ சொல்லாதேன்னே, நானும் சரின்னேன். வெக்கப்படறே, கூச்சப்படறேன்னு நினைச்சேன். இப்ப ஆளைத் தேடி வந்து கேக்கறாங்க. இப்பவும் என்ன கூச்சம்?"

"கூச்சம் இல்லை அண்ணி."

"பின்னே?"

அவள் கம்பியைக் கீழே வைத்தாள். "போன மழைக்கு ஒரு விமான ஓட்டி குடை வாங்க வந்தாரு. நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. சும்மா பேச்சு வாக்குல கேட்டேன், மேல இருக்கும்போது எஞ்சின் சோர்ந்தா என்ன செய்வீங்கன்னு. தள்ளணும்னாரு. தடியை முன்னால தள்ளி மூக்கைத் தணிக்கணுமாம், அப்பத்தான் வேகம் கிடைச்சு மிஷின் விழாம நிக்குமாம். இழுத்தா போச்சாம். இப்பல்லாம் கத்துக்க வர்றவங்களுக்கு முதல்ல சொல்லிக்குடுக்கறதே அதைத்தானாம்."

"அதுக்கு?"

"மூக்கு மேல போய்த்தான் விழுந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. அண்ணன் இழுத்தார்ல."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் நான் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தேன்.

"அவர் பாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டு இருந்தவரு," என்றாள் சின்னவள். "ஒரே இழுப்பா இழுக்கலாம்னு காட்டினது யாரு? பயம் வந்தா இழு, எல்லாம் சரியாயிடும்னு அவர் கைக்குக் காட்டினது யாரு? அந்த ஓட்டி சொன்னப்புறம்தான் விவரம் தெரிஞ்சுது. ஆனா அவரைத் தூக்கிட்டு வந்த அன்னைக்கே எனக்குள்ள அது உறுத்திக்கிட்டுதான் இருந்துச்சு. நான்தான் முதல்ல பறந்தேன்னு சொன்னா, இதையும் சேர்த்துத்தானே நான் செஞ்சேன்? அது வேணும், இது வேணாம்னு எப்படிச் சொல்றது? அதான் ரெண்டுமே வேணாம்னு விட்டுட்டேன்."

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துத் தின்றுகொண்டு, இப்படி ஒன்றை இவள் சுமந்துகொண்டிருக்கிறாள் என்பது தெரியாமல் இருந்திருக்கிறேன். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கதவைத் திறந்துவிட்டு வேலையில் உட்கார்ந்தேன், துணியைக் கோணலாக வெட்டி வீணாக்கினேன்.

சாயங்காலம் செயலாளர் வந்தார். செருப்பெல்லாம் புல், முகமெல்லாம் சந்தோஷம். பேனாவைத் திறந்துகொண்டு, "சொல்லுங்கம்மா, அன்னைக்கு சார் ஏறி உக்கார்ந்தது எப்ப?" என்றார்.

"அவர் ஏறலை தம்பி," என்றேன். "ஏறினவ இவ."

எனக்கே என் குரல் அந்நியமாகக் கேட்டது. சின்னவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். காலையில் சொன்னதையே மறுபடி சாதிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் எழுந்து முன்பக்கம் வந்தாள்.

"அண்ணி சொல்றது நெஜம்தாங்க. காலையில நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். மிஷினை நிறுத்தறதா நினைச்சுப் பயந்துபோய் இழுத்தேன், அது ஏறிடுச்சு. எழுதிக்குங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கூடவே இதையும் எழுதிக்குங்க. அப்படி இழுக்கறதை எங்க அண்ணனுக்குக் காட்டினது நான். அதாலதான் அவர் செத்தார். ரெண்டையும் எழுதறதா இருந்தா எழுதுங்க, இல்லைன்னா ஒண்ணும் வேணாம்."

செயலாளரின் பேனா நின்றுவிட்டது. அவரும் ஓட்டிதான். அவள் சொல்வதில் இருக்கும் நியாயம் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும்மா," என்றார் மெதுவாக. "நீங்க என்ன சொல்றீங்க?"

"முதல்ல சொன்னதுக்கு நான் சாட்சி. இவ பறந்ததைப் பார்த்தேன். ரெண்டாவது சொன்னாளே, அதுக்கு நான் சாட்சி இல்லை."

"அண்ணி..."

"நீ சும்மா இரு. அவர் விழுந்தப்ப நீ இங்க கடையில உக்கார்ந்திருந்தே. பார்த்தவ நான். ரெண்டு வருஷம் அந்தத் தடியை அவர் பிடிச்சாரு, அது அவர் கை. நீ ஏழு வயசுக் குழந்தைக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி பேசறே. விமானம் கட்டினவருக்கு எதை எப்ப இழுக்கணும்னு யோசிக்கத் தெரியாதா? தள்ளணும்னு தெரியாமச் செத்திருந்தாலும், அன்னைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. அவர் சாவு என் தலையில விழுந்தது. அதுல நான் உனக்குப் பங்கு தரமாட்டேன்."

வெளியே யாரோ குடை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

செயலாளர் தலை குனிந்து எழுதினார். நான் சொன்னபடி ஒன்றை மட்டும் எழுதினார். கல்லில் ஒரு பெயருக்குத்தான் இடம், இனி அது சின்னவள் பெயர்தான், சார் பெயரைச் சேர்க்க முடியாது என்று வருத்தப்பட்டார். தெரியும் என்றேன். தெரிந்துதான் சொன்னேன், ஆனாலும் அவர் வாயால் அதைக் கேட்டபோது என் கணவரை இரண்டாம் தடவை தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. செயலாளர் போகும்போது சின்னவளுக்கு ஒரு வணக்கம் வைத்தார். அவள் அதற்குப் பதில் வணக்கம் வைக்கக்கூட மறந்து நின்றாள்.

விளக்கேற்றினேன். வெட்டி வீணாக்கிய துணியை எடுத்து ஓரமாகப் போட்டேன். அவள் இன்னும் அதே இடத்தில்தான் நின்றாள்.

"அண்ணி, நீங்க பார்த்தீங்கள்ல. நெஜமா சொல்லுங்க. கடைசியில அண்ணன் இழுத்தாரா?"

"மூக்கு ஏறினதைப் பார்த்தேன்."

"அதைக் கேக்கலை. கையைப் பார்த்தீங்களா?"

"அவ்வளவு தூரத்துல கை எங்கடி தெரியும்? இழுத்திருக்கலாம். கம்பி அறுந்திருக்கலாம். காத்து தூக்கியிருக்கலாம். எனக்குத் தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாது. உனக்கும் தெரியாது. யாருக்கும் இனிமே தெரியப்போறதில்லை."

அவள் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். என் கணவரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, என்னைத் தாங்கிப் பிடித்து, எல்லாக் காரியத்தையும் அவள்தான் பார்த்தாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று உறவில் சிலர் முணுமுணுத்தார்கள், உண்மையைச் சொன்னால் எனக்கும் மனதுக்குள் அப்படித் தோன்றியது உண்டு. அண்ணனுக்காக அழ அவள் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்திருக்கிறாள். இப்போது என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அன்றைக்கே அவர் செத்ததுபோல், அண்ணா அண்ணா என்று சொல்லி அழ ஆரம்பித்தாள்.